பல்லில் பூச்சி உண்டா?

(கலவையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றவுடன் பின்னால் இருக்கும் சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், சிரித்தால்தானே பல் தெரியும்! ஆனால் கடைவாய்ப் பல் குத்தி எடுக்க, கிராம்பைக் கடித்துக்கொண்டு விடியும் வரையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் இங்கே இருந்தால் அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

பல் வலித்தால் நம்மவர்களில் அநேகர் முதலில் சொல்லுவது, “பல்லில் பூச்சி விழுந்துவிட்டது” என்பதாகும். பூச்சி என்று சொல்லிவிட்டால் அதை எடுக்க ஒரு ஆளும் வேண்டுமல்லவா? சந்தையிலும் திருவிழாவிலும் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையைக் குழாய் வழியாக வாய்க்குள் விடுவார்கள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டி, “பார், பூச்சி விழுந்திருக்கிறது!” என்பார்கள். வெள்ளையாக, சுருண்டு, ஏதோ கிடக்கவும் கிடக்கும். கண்ணால் கண்ட பிறகு யார்தான் மறுப்பார்கள்?

தோழர்களே! கண்ணால் கண்டதையும் சற்று யோசித்துத்தான் பார்க்க வேண்டும். இதே வித்தையை வெள்ளைக்காரன் நாட்டிலும் பல நூறு வருஷம் செய்திருக்கிறார்கள். அங்கே கண்டங்கத்தரிக்குப் பதிலாக ஹென்பேன் என்ற செடியின் விதை. அந்த விதை சூட்டில் வெடித்தால் உள்ளே சுருண்டிருக்கும் முளை வெளியே வந்து விழும். அதுதான் அவர்கள் காட்டிய பூச்சி. கண்டங்கத்தரியும் அந்தக் குடும்பத்துச் செடிதான். அதன் விதைக்குள்ளும் முளை சுருண்டுதான் இருக்கிறது. ஆகவே நாம் சொல்லுவது ஒன்றே: அடுத்த முறை பூச்சி எடுக்க வருகிறவரிடம், யார் வாயும் இல்லாமல் வெறும் கிண்ணத்தின் மேல் அந்தப் புகையைப் போடச் சொல்லுங்கள். அப்போதும் “பூச்சி” விழுமானால், அது யாருடைய பல்லிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அந்த ஏழைகளைக் குற்றம் சொல்லுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறார்கள். நம்புகிற நம்மைத்தான் சொல்லுகிறோம். இது நமது நாட்டு மடமை மாத்திரமும் அல்ல. பல்லைப் பூச்சி தின்கிறது என்று பாபிலோனியர்கள் மந்திரமே எழுதி வைத்திருந்தார்கள். 1728-ல் பிரஞ்சு தேசத்துப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் என்பவர், தாம் தேடிப் பார்த்தும் பல்லில் எந்தப் பூச்சியையும் காணவில்லை என்று புத்தகத்தில் எழுதிவிட்டார். அவர் எழுதி முன்னூறு வருஷம் ஆகப் போகிறது. நமது பூச்சி மாத்திரம் இன்னும் சாகவில்லை!

“பூச்சி எடுத்த பிறகு வலி நின்றதே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வலி தானாகவே கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும். இல்லாவிட்டால், பல்லுக்குள் இருக்கும் நரம்பே செத்துப்போகும். செத்த நரம்பு வலிக்குமா? வலி நின்றது குணமானதற்கு அடையாளமல்ல. அதற்குப் பிறகுதான் வேரடியில் சீழ் கட்டும். அந்தச் சீழ் தாடைக்கும் கழுத்துக்கும் இறங்கினால் மூச்சுக்குழாய் அடைத்து ஆளே போய்விடக்கூடும். நீரிழிவுக்காரர்களுக்கு இது இன்னும் ஆபத்து. பல்வலியால் யாராவது சாவார்களா என்று அலட்சியம் செய்கிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, பூச்சி இல்லையென்றால் பல் ஏன் சொத்தையாகிறது? நமது வாயில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. 1683-ல் டச்சுக்காரர் லேவன்ஹூக் தம்முடைய பல் அழுக்கைச் சுரண்டி, தாமே செய்த பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, அவை நீந்துவதைக் கண்டு எழுதினார். 1890-ல் மில்லர் என்ற அமெரிக்கர் பெர்லினில் இருந்துகொண்டு அடுத்த படியை விளக்கினார். நாம் தின்னும் சர்க்கரையையும் மாவையும் அந்தக் கிருமிகளும் தின்கின்றன. தின்றுவிட்டுப் புளிப்பை, அதாவது அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. இனிப்பு வாயில் பட்ட சில நிமிஷத்தில் கரைய ஆரம்பித்து, எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரையில் ஆகிறது. ஆரம்பத்தில் கரைந்ததை எச்சில் திரும்பப் பூசிவிடும். குழி விழுந்த பிறகு மேலோடு மறுபடி முளைக்காது.

இங்கேதான் முக்கியமான சங்கதி இருக்கிறது. சுவீடன் தேசத்தில் லுண்ட் என்ற ஊரில், விப்பேஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் ஆஸ்பத்திரியில் 1945 முதல் சில வருஷங்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். சிலருக்குச் சாப்பாட்டோடு மாத்திரம் சர்க்கரை. சிலருக்குச் சாப்பாட்டுக்கு இடையிடையே பல்லில் ஒட்டிக்கொள்ளும் மிட்டாய். சாப்பாட்டோடு தின்றவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடிற்று. இடையிடையே மிட்டாய் தின்றவர்களுக்கோ பற்கள் மளமளவென்று அழிந்தன. தடுக்கவோ மறுக்கவோ வாயற்ற மனிதர்களின் பல்லை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தது அக்கிரமம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பின்னால் அந்த நாட்டிலேயே அதைக் கண்டித்தார்கள். ஆனால் அவர்கள் பல்லை இழந்து கிடைத்த பாடத்தையாவது நாம் வீணாக்கக்கூடாது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை தடவை என்பதே பெரிய கேள்வி.

நமது நிலையைப் பாருங்கள். இராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிற ஆணும் பெண்ணும் காலையில் ஒரு டீ, பஸ் ஏறுமுன் ஒரு டீ, பத்து மணிக்கு ஒரு டீயும் பிஸ்கட்டும், மாலையில் ஒன்று, வீடு வந்ததும் ஒன்று குடிக்கிறார்கள். ஒவ்வொரு டம்ளரும் அரைமணி நேர அமிலம். டீயை நிறுத்தச் சொன்னால் நம்மை இந்த மேடையிலிருந்து இறக்கிவிடுவீர்கள்! சர்க்கரையைக் குறையுங்கள், தடவையைக் குறையுங்கள், குடித்தபின் வாயைக் கொப்பளியுங்கள் என்றுதான் சொல்லுகிறோம். ஆற்காட்டு மக்கன் பேடா வேண்டுமா? சோற்றோடு சோறாக ஒரே தடவையில் தின்றுவிடுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் “இயற்கை” ஆகையால் பல்லைக் கெடுக்காது என்பதும் பொய். கிருமிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. குழந்தை அழாமல் தூங்கச் சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்துப் படுக்கவிடுவது, முன்பல் முழுவதையும் கறுப்பாக்கும் வழி.

பல் துலக்கும் விஷயத்துக்கு வருவோம். ஆலங்குச்சி, வேலங்குச்சியின் பெருமையைச் சொல்லும் பழமொழி உங்களுக்குத் தெரியும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தோல் வேலை தெரிந்த இந்தச் சீமைக்கு அதை எளிதில் சொல்லலாம். குரோம் வருவதற்கு முன் ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறவைத்தல்லவா தோலைப் பதனிட்டார்கள்? அந்தப் பட்டையின் துவர்ப்புத்தான் தோலை இறுக்கிற்று. ஆல், வேல் குச்சியின் துவர்ப்பும் ஈறை அப்படி இறுக்கும்; நார் அழுக்கைத் தேய்க்கும். ஆனால் பல்லின் ஓடு தோல் அல்லவே! கரைந்துபோன சுண்ணாம்புச் சத்தைத் துவர்ப்பு கொண்டுவராது. அதற்கு உதவுவது புளோரைடு. பேஸ்டின் மேல் பத்து லட்சத்துக்கு 1000 பங்கு அளவில் புளோரைடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மூலிகை என்று விளம்பரம் செய்யும் பலவற்றில் அது இல்லை. செங்கல் பொடியும் உமிக்கரியும் பல்லை வெளுக்கச் செய்வதுபோல் ஓட்டையே தேய்த்துவிடும். புகையிலை கலந்த பல்பொடி வாய்ப்புற்றுக்கு வழி.

“புளோரைடு விஷமாயிற்றே, பல்லில் பழுப்புக் கறை அதனால்தானே?” என்று படித்த தோழர்கள் கேட்கிறார்கள். அது குடிநீரில் அளவுக்கு மிஞ்சும்போது நேர்வது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவில் இந்த நோய் பரவியிருப்பதை 1937-ல் ஷார்ட் முதலானவர்கள் கண்டு எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு இதற்காகவே ஒகேனக்கல் தண்ணீர்த் திட்டம் 2013-ல் வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பேஸ்டைத் துப்பிவிடுகிறோமே தவிர விழுங்குவதில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவும், ஆறு வயது வரையில் பட்டாணி அளவும் போதும்.

சாஸ்திரம் இதிலும் புகாமல் விடவில்லை. அமாவாசை, பிரதமை, சஷ்டி, நவமியில் குச்சியால் பல் துலக்கக்கூடாது என்று ஆசார நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். கிருமிக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? அது நவமியன்று பட்டினி கிடக்குமா? காலையில் துலக்குவதைவிட இரவு படுக்குமுன் துலக்குவது அதிக அவசியம். தூக்கத்தில் எச்சில் குறைந்து, கிருமியைத் தடுக்க ஆளில்லாமல் போகிறது.

கடைசியாக, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம். எத்தனையோ தாய்மார்கள் இதற்காகவே வைத்தியரிடம் போகாமல் முகம் வீங்கிக் கிடக்கிறார்கள். மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளில் பார்வைக்கு உரியது இரண்டாவது. பல்லுக்கு உரியது ஐந்தாவது. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று கெடாது. உண்மையில் பிடுங்காமல் விட்ட மேல்பல்லின் சீழ்தான் கண்குழி வரையில் ஏறக்கூடும். அதுவும் எல்லாச் சொத்தைக்கும் பிடுங்கவேண்டியதில்லை. ஆரம்பத்தில் போனால் அடைத்துவிடுவார்கள், நரம்பு வரை போயிருந்தால் வேரைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்றவும் வழியுண்டு. வேலூர் சி.எம்.சி.யும், அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியும் எட்டாத தூரமல்ல. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பதும் வெறும் பேச்சு. ஆடின பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் நாளைக் காலையில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பால் பல் மொத்தம் இருபது. அந்த வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைத்திருக்கும். “விழுகிற பல்தானே” என்று அதை விட்டுவிடுகிறோம். அது விழுந்தால் வேறு முளைக்காது.