அளவெட்டி: தோம்பில் எழுதாத வரலாறு



இங்கிலாந்தின் சிறு கிராமமொன்றின் வரலாற்றை எழுதப் புகுபவர் முதலில் அவ்வூர்த் தேவாலயத்தின் பதிவேட்டைப் புரட்டுவார். 1538ஆம் ஆண்டுக் கட்டளையின்படி ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் அதிலே எழுதப்பட்டு வந்தன. உழவனும் கொல்லனும் ஒரு வரியிலாயினும் அங்கே இடம்பெற்றனர். நமது கிராமங்களுக்கு அத்தகைய ஏடு ஏது? ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு உண்டு. ஆனால், காணியையும் வரியையும் கணக்கிடவே அது எழுந்தது. மனிதரின் குணத்தைப் பதிவதற்கன்று.

வலிகாமத்திலே, மல்லாகத்துக்கு மேற்கே உள்ள அளவெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆறில்லாத நாட்டிலே, சுண்ணக்கல்லைத் தோண்டிக் கிணறு கண்டு, துலா மிதித்து, செம்மண்ணில் தோட்டம் செய்த ஊர். கும்பிழாவளைப் பிள்ளையார் கோயில் இங்கே புகழ்பெற்றது. உழைப்பும் வழிபாடும் அயலூர்களுக்கும் உரியவையே. அளவெட்டிக்குத் தனிப்பெயர் தந்தது அதன் மங்கல இசை.

நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் (1931–2003) இவ்வூரவர். இணுவிலிற் பிறந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) அளவெட்டியையே தம் ஊராக்கிக் கொண்டார். தமிழ்நாட்டு மேடைகளும் அவரை வியந்தன. கோயில் வீதியிலே விடியும்வரை அந்த இசையில் மயங்கிய நமது சமுதாயம், இசைத்தவரைச் சாதிப் படியிலே தாழ்த்தியே வைத்தது என்பதையும் மறைக்கலாகாது.

தோம்பு சொல்லாத இதனைச் சொல்லக் கவிஞர் ஒருவர் வேண்டியிருந்தார். 'மகாகவி' து. உருத்திரமூர்த்தி 1927இல் அளவெட்டியிற் பிறந்தவர். 1970இல் நூலாக வந்த அவரது 'கோடை' என்னும் பாநாடகம், ஆங்கிலேயர் ஆட்சிக்கால நாதஸ்வரக் குடும்பமொன்றை நடுவில் நிறுத்தியது. அரசரும் முனிவரும் பேசிவந்த செய்யுளிலே அடுப்படிப் பேச்சும் திண்ணைப் பேச்சும் உரிமையோடு புகுந்தன. அவரது காவியமொன்றின் பெயர் 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்'. அந்தத் தலைப்பே ஒரு கொள்கை அன்றோ? முற்போக்கு எழுத்தாளர் அ. ந. கந்தசாமியும் (1924–1968) இம்மண்ணின் மைந்தரே.

1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது இவ்வூரும் வெறுமையாயிற்று. வீட்டை விட்டவர்கள் காணி உறுதியைப் பத்திரமாகக் காவிச் சென்றார்கள். உறுதி நிலத்துக்குச் சாட்சி. ஊருக்குச் சாட்சி எது? திரும்பி வந்தவர்க்கும், கடல் கடந்த நாடுகளிற் பிறந்த பிள்ளைகளுக்கும், 'நாங்கள் இப்படி வாழ்ந்தோம், இவரை மதித்தோம், இவரை மதியாமல் விட்டோம்' என்று உள்ளபடி சொல்லும் ஏடே அந்தச் சாட்சி.

அளவெட்டிக்கு ஒரு மகாகவி வாய்த்தார். கவிஞர் வாய்க்காத ஊர்கள் பல. அங்கே முதியோரின் நினைவு மங்குமுன் ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுப்பது நம் கடன். துலா மிதித்தவரின் பெயரும் தவில் அடித்தவரின் பெயரும் அதன் முதற் பக்கத்திலேயே இருக்கட்டும்.