தெருவுக்குத் தளம் போட எவர் பணம் தருவது?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பயிர் பற்றிப் பேச வேண்டியவன் தெருவைப் பற்றிப் பேசுகிறேனே என்று எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் மூட்டையை வீட்டிலிருந்து சாலைக்குக் கொண்டுவர முடியாமல் வியாபாரி சொன்ன விலைக்கே விற்றவர்கள் இங்கு இருக்கக்கூடும். தெருவும் சாகுபடிச் செலவில் ஒரு பகுதிதான். அதற்குப் பணம் எங்கிருந்து வரும், நம் பங்கு எவ்வளவு, அதை எப்படிப் பிரிப்பது என்பவற்றை இன்று பார்க்கலாம்.

முதலில் ஊராட்சியின் சொந்தப் பணம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டுவரி விதிக்கும் உரிமை கிராம ஊராட்சிக்கு உண்டு. ஆனால் வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம் முதலியவற்றில் வரும் தொகை, தெருவிளக்கின் மின் கட்டணத்துக்கும் மோட்டார் பழுதுக்கும் போய்விட்டால் தளத்துக்கு மிச்சம் இராது. வரி பாக்கி வைத்துக்கொண்டு தெருவைக் குறை கூறுவது, உரம் இடாமல் விளைச்சலைக் குறை கூறுவது போன்றதே. ஊர் ஏரியின் மீன்பாசிக் குத்தகை, புளியமர மகசூல் ஏலம் ஆகியவற்றில் ஊராட்சிக்குச் சேர வேண்டியது சேர்கிறதா என்றும் பாருங்கள். சில ஊர்களில் இத்தொகை ஊர்ப் பெயரால் வசூலாகித் திருவிழாவில் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 மார்ச் வரைக்கு வகுத்த முறையில், 100 ரூபாயில் 60 ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவிட வேண்டும். மீதி 40 ரூபாயைத்தான் தெரு போன்ற ஊர்த் தேவைகளுக்கு எடுக்க முடிந்தது. "மானியம் வந்ததே, தெரு போடவில்லையே" என்ற சண்டைகளில் பாதி, இந்தப் பிரிவினை தெரியாததால் வந்தது.

மூன்றாவது, வேலையுறுதித் திட்டம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த அத்திட்டத்தில் மொத்தச் செலவில் கூலிக்கு 60 பங்குக்குக் குறையாமலும், பொருளுக்கு 40 பங்குக்கு மிகாமலும் இருக்க வேண்டும். கான்கிரீட் தெருவில் பொருட்செலவே மிகுதி. ஆகவே மண்வேலைகள் நிறைய நடந்தால்தான் தெருவுக்கான பொருட்செலவு அந்த 40 பங்குக்குள் அடங்கும். வரத்து வாய்க்கால் தூர்வாரியதும் தெருவில் கான்கிரீட் போட்டதும் ஒரே கணக்கில் கட்டுப்பட்டவை என்பதை ஊரில் பலர் கவனிக்கவில்லை. 2025 டிசம்பரில் அச்சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டிருப்பதால், இனிப் புதிய விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டே திட்டமிட வேண்டும்.

நான்காவது, மக்கள் பங்களிப்பு. 'நமக்கு நாமே' என்ற பெயரில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கி, 2011க்குப் பின் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் மீண்டும் பழைய பெயருக்கு வந்த திட்டம் இது. ஊரகப் பகுதியில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பானால் ஐந்தில் ஒரு பங்கு. பங்கு விகிதத்தையும், எந்தெந்த வேலைக்கு அனுமதி என்பதையும் அந்தந்த ஆண்டின் அரசாணைப்படி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே வசூலைத் தொடங்க வேண்டும்.

சிக்கல் வருவது வசூலில்தான். 6 லட்சம் ரூபாய் மதிப்பீடு, தெருவில் 50 வீடு என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பங்கு 2 லட்சம். கோயில் கொடைக்கு வசூலிப்பதுபோல் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 4,000 ரூபாய். டிராக்டர் வைத்திருப்பவருக்கு அது பெரிதன்று. கூலிக்குப் போகும் குடும்பம் கடன் வாங்கித்தான் தர வேண்டும். தளத்தைத் தேய்ப்பது டிராக்டரா, அவர்கள் காலா?

வேறு வழி உண்டு. வீட்டுக்கு 1,000 ரூபாய் பொது; அதில் 50,000 சேரும். மீதி ஒன்றரை லட்சத்தை அத்தெருவாருக்கு உள்ள நிலத்தின்மேல் பிரியுங்கள். 75 ஏக்கர் என்றால் ஏக்கருக்கு 2,000. நிலமில்லாதவர் 1,000, ஓர் ஏக்கர்காரர் 3,000, ஐந்து ஏக்கர்காரர் 11,000 தருவார். ஐந்து ஏக்கர்காரர் முகம் சுளிப்பார் என்பது தெரியும். ஆனால் அந்தத் தெருவில் அதிகம் மூட்டை போவது அவர் வீட்டிலிருந்துதான். வெளியூரில் இருப்போரின் பூட்டிய வீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தளம் போட்டால் அந்த மனைக்கும் மதிப்பு கூடுகிறது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பங்களிப்புத் திட்டம் பணம் திரட்டக்கூடிய தெருவுக்கே எளிதில் வரும். திரட்ட முடியாத தெரு, ஐந்தில் ஒரு பங்கே ஆனாலும், சேறாகவே நிற்கும். ஆகையால் வசதியான தெருக்கள் பங்களிப்பு முறையில் செய்துகொண்டு, ஊராட்சியின் பொதுப்பணத்தை ஏழைத் தெருவுக்கு முதலில் விட்டுக்கொடுப்பதே முறை என்பது என் கருத்து. இதைக் கிராமசபையில் பேசித் தீர்மானமாக எழுத வேண்டும். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடுகிறது. ஊராட்சியில் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் உங்கள் உரிமை ஒன்றே.

வசூலை ஆடிப்பட்ட விதைப்பின்போது தொடங்காதீர்கள். விதைக்கும் உரத்துக்கும் வைத்த பணம் கரைந்துவிடும். சம்பா நெல் விற்ற தை, மாசிதான் ஏற்ற காலம். கான்கிரீட்டுக்கும் மாசியே நல்லது. மழை இல்லை, கடும் வெயிலும் வரவில்லை. மார்ச்சுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று பங்குனி வெயிலில் அவசரமாகப் போடும் தளத்துக்கு நீர் போதாமல் வெடிப்பு விழும்.

பணம் தந்தவர் வேலையை அளந்து பார்க்க வேண்டும். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். 1:1½:3 கலவையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்டு. மொத்தம் 360 மூட்டை. கனத்தை 12 செ.மீ. ஆக்கிவிட்டால் 288 மூட்டையில் வேலை முடிந்துவிடும். மூன்று செ.மீ. குறைவதில் 72 மூட்டை காணாமல் போகிறது! கான்கிரீட் கொட்டும் முன்பே ஓரப் பலகையின் உயரத்தை அளவுகோல் வைத்துப் பாருங்கள். பிறகு பார்த்துப் பயனில்லை. இறுகிய தளத்தில் பாத்தி கட்டி 14 நாளாவது நீர் நிறுத்த வேண்டும். பாத்தி கட்டுவதை உங்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற விகிதத்தில் குறுக்கே சாய்வு இருந்தால் நீர் ஓடிவிடும். 3 மீட்டர் தெருவில் ஒரு பக்கமாகச் சரித்தால் 6 செ.மீ. இறங்க வேண்டும். அந்த நீர் எவர் வயலில் போய் விழும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

குடிநீர்க் குழாய் பதிக்காத தெருவில் தளம் போடுவது வீண். தளம் போட்டபின் குழாய்க்காக வெட்டிய பள்ளங்களைப் பல ஊர்களில் பார்க்கிறோம். குழாய் வேலை தள்ளிப்போகும் என்றால் பேவர் பிளாக் கல் பதிக்கலாம். பெயர்த்தெடுத்துத் திரும்பப் பதிக்க இயலும். டிராக்டர் போகும் தெருவுக்கு 60 மி.மீ. கல் போதாது, 80 மி.மீ. கல் கேளுங்கள். பழைய தளத்தின்மேலேயே புதுத்தளம் போடவும் இணங்காதீர்கள். ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்து, மழைநீர் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வரும்.

பங்குத் தொகையை எவர் கையிலும் ரொக்கமாக விட்டுவைக்காமல், ஊர்ப் பெரியவர் இருவர், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஒருவர் சேர்ந்து வங்கிக் கணக்கில் போட்டு, வரைவோலையாகச் செலுத்தி ரசீது பெறுங்கள். மதிப்பீட்டின் நகலும் தந்தவர் பட்டியலும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஒன்றியப் பொறியாளர் அளக்க வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலை இரண்டு பேராவது வயலுக்குப் போகாமல் தெருவில் இருங்கள்.