கண்ணாடி அடிக்கடி மாறுகிறதா?

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஆண்டுதோறும் கண்ணாடி பவர் ஏறினால், "ரொம்பப் படிக்கிறான்" என்று பெற்றோர் விட்டுவிடக் கூடாது. கெரட்டோகோனஸாகவும் இருக்கலாம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய் இது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். முற்றினால் மாற்றுக் கருவிழி பொருத்த நேரிடும்.

அதைத் தள்ளிப்போடும் சிகிச்சையின் பலனை 2003இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அரை மணி நேரம் வைட்டமின் பி2 சொட்டு மருந்து, அரை மணி நேரம் புற ஊதா ஒளி. கருவிழியின் நார்கள் இறுகிவிடும். இழந்த பார்வையை மீட்காது, இருப்பதைக் காக்கும். 400 மைக்ரானுக்குக் கீழே மெலிந்த கருவிழிக்கு வழக்கமான முறை ஒத்துவராது.

ஒரு நாள் கூலி போகிறதே என்று தயங்காமல், மலையிறங்கி ஈப்போவில் பரிசோதியுங்கள். பிள்ளை கண்ணைக் கசக்குவதை இன்றே நிறுத்துங்கள்.