இறங்காம மேலே போறதும் ஒரு முடிவுதான்

எண்ணூர்லேர்ந்து பேசறேன். போகி காலையில எங்க ஏரியாவுல அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகூட கண்ணுக்குத் தெரியாது. 2018 போகி அன்னைக்குப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை ஏர்போர்ட்டையே முடக்கிடுச்சு. வெளியே ஒண்ணும் தெரியாதப்போ கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட, பைலட்டுக்குத் தனித் தகுதி வேணும். அதுதான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். அதை வாங்கினவங்க காக்பிட்ல கைவிடக் கூடாத நாலு பழக்கம்தான் இன்னைக்குப் பேச்சு. நான் கோட் எழுதறவன், பைலட் இல்ல. ஆனா விபத்து அறிக்கைகளை விடாம படிக்கிறவன்.

ஒண்ணு, உடம்பை நம்பாதீங்க. மேகத்துக்குள்ள விமானம் ஒரே சீரா திரும்பிட்டே இருந்தா, சுமார் 20 வினாடியில காது 'நேராத்தான் போறோம்'னு பொய் சொல்லும். கருவி சொல்றதுதான் உண்மை.

ரெண்டு, இறங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, இறங்க முடியலன்னா என்ன செய்யறதுன்னு வாய்விட்டுப் பேசிடுங்க. எந்தத் திசை, எவ்வளவு உயரம், எவ்வளவு எரிபொருள் மிச்சம் இருக்கும்போது வேற ஊருக்குக் கிளம்பறது, எல்லாமே. நாங்க ரோல்பேக் பிளான் இல்லாம ரிலீஸ் பண்ண மாட்டோம்ல, அதே கதைதான்.

மூணு, எல்லைன்னா எல்லைதான். சாதாரண ஐ.எல்.எஸ். முறையில 200 அடிக்கு வந்தும் ரன்வேயோ அதோட விளக்குகளோ தெரியலன்னா, மேலே ஏறணும். 'இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்'ங்கிற பேச்சே கிடையாது. ஏறும்போதும் முதல்ல விமானத்தை ஓட்டுங்க, அடுத்து வழி பாருங்க, அப்புறம்தான் ரேடியோ.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். பக்கத்து சீட்லேர்ந்து 'கோ-அரவுண்ட்'னு குரல் வந்தா, அங்க விவாதமே கூடாது. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. நல்ல மழை. துபாய்லேர்ந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒரு தடவை முயற்சி பண்ணி மேலே போயிட்டு, அடுத்து எதிர்ப்பக்கத்திலேர்ந்து, பின்காற்றோட இறங்குது. 2,700 மீட்டர் ரன்வேயில பாதி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அதுக்குச் சற்று முன்னாடி துணை விமானி 'கோ-அரவுண்ட்'னு சொல்லியிருக்கார். கேப்டன் ஏறல. துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில எடுக்கவும் இல்ல. இந்த ரெண்டையுமே விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டுது. 21 பேர் இறந்தாங்க.

இதுக்கு நேரெதிரா நம்ம ஊர்லயே ஒண்ணு நடந்துச்சு. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு, மும்பைலேர்ந்து வந்த இண்டிகோ விமானம் ரன்வே கிட்ட வந்து குறுக்குக் காத்துல ஆடி, அப்படியே மேலே ஏறிடுச்சு. அந்த வீடியோவைப் பார்த்துப் பதறாதவங்க கம்மி. ஆனா அதுல பார்க்க வேண்டியது அந்த ஆட்டத்தை இல்ல, ஏறின அந்த நொடியை.

அடுத்த தடவை நீங்க போற விமானம் தரையைத் தொடப் போய் மேலே ஏறினா, திட்டாதீங்க. முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க முன்கூட்டியே பேசி வச்சதைச் செய்யறாங்க, அவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம், மக்களே!