உடைந்த காது

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்தப் புள்ளலூரைப் பற்றி இங்குள்ள சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் கர்னல் பெய்லியின் படை இங்கே தோற்றது. சண்டையின் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ தன் முழுப் படையோடு உதவிக்கு வந்து சேரவில்லை. தவறு யாருடையது என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது. எது உடைந்தாலும் உடைத்தவர் யார் என்று தேடுவது நம் இயல்பு. நானும் ஒருமுறை அப்படித் தேடினேன், தவறான ஆளைப் பிடித்தேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பள்ளியில் கணினி அறையும் என் பொறுப்பில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை, அங்கிருந்த கணினிகளில் ஒன்று பத்து நிமிடம் ஓடி, தானாக அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது. வெள்ளிக்கிழமை மாலை அந்த அறையைப் பெருக்கியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். மேசையை நகர்த்தினாயா என்று கேட்டேன். "ஆமாம் சார், கூட்டுறதுக்காக நகர்த்தினேன்" என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்பது பேர் முன்னிலையில், "கீழே போட்டுவிட்டு மறைக்கிறாயா?" என்று கேட்டேன். "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்று ஒரே ஒருமுறை சொன்னான். அடுத்த மூன்று நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

பழுது பார்க்க வந்த தம்பி மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. கணினியின் மூளையான பிராசசர் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை வாங்கி வெளியேற்ற, அதன் மேல் அலுமினியத் தகடுகளும் ஒரு சிறு விசிறியும் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூலரை ஓர் எஃகுப் பட்டை அழுத்திப் பிடிக்கிறது. பட்டையின் இரு முனைகளும், மதர்போர்டில் திருகப்பட்ட பிளாஸ்டிக் சட்டத்தின் இரண்டு காதுகளில் மாட்டியிருக்கும். அதில் ஒரு காது உடைந்து, கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

ஏன் இவ்வளவு அழுத்தம் வேண்டும்? நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளும் உண்மையில் மேடு பள்ளமானவை. பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் இடையே ஒரு பசையைத் தடவி, மேலிருந்து அழுத்துகிறார்கள். அழுத்தம் போனால் வெப்பம் போகும் வழி அடைபடும். பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் சூடேறினால், எரிந்துபோகாமல் இருக்கக் கணினி தானே அணைந்துவிடும். நாங்கள் பழுது என்று நினைத்தது அந்தக் கணினியின் தற்காப்பு.

அந்தத் தம்பி உடைந்த துண்டை என் கையில் கொடுத்தார். "உடைஞ்ச வாயைப் பாருங்க சார்" என்றார். முறிந்த பரப்பில் முக்கால் பாகம் கருத்து, தூசி படிந்து இருந்தது. ஓரத்தில் கால் பாகம் மட்டும் புதிதாக, வெளுப்பாக இருந்தது. "விரிசல் ரொம்ப நாளாவே ஓடியிருக்கு. கடைசித் துளி மட்டும்தான் இப்போ விட்டிருக்கு" என்றார்.

இரவு பகலாக எஃகுப் பட்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. கணினியைப் போடும்போது சூடு, அணைக்கும்போது குளிர்ச்சி. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால் பிளாஸ்டிக் நெகிழ்வை இழந்து நொறுங்கும் தன்மை அடைகிறது. காது சட்டத்தோடு சேரும் மூலையில்தான் இழுவிசை குவியும், விரிசலும் அங்கேயே தொடங்கும். மாணவன் மேசையை நகர்த்தியபோது அந்தக் கடைசிக் கால் பாகம் விட்டிருக்கலாம். அவன் தொடாமல் இருந்திருந்தாலும் ஒருநாள் அது விட்டிருக்கும்.

அவனைத் திட்டியது வகுப்பில். அதனால் அவன் திரும்பி வந்த அன்று, வகுப்பிலேயே வருத்தம் தெரிவித்தேன். துண்டைக் காட்டி, நான் எங்கே தவறினேன் என்று எல்லோருக்கும் விளக்கினேன். அவன் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "அதை நான் பார்க்கலாமா சார்?" என்று கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கணினி அறையைக் கவனிக்கும் நண்பர்களுக்குச் சில சொற்கள். அடிக்கடி அணையும் கணினியை உடனே கழிவுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ இருந்தால் நாமாகத் திறக்கக் கூடாது. முறைப்படி புகார் பதிந்து, தலைமையாசிரியரிடம் தெரிவித்து, பதிவேட்டில் எழுதுங்கள். உடைந்த காதைப் பசை போட்டு ஒட்டினால், அந்த இழுவையிலும் சூட்டிலும் நிற்காது. கம்பியால் கட்டினால் மதர்போர்டில் மின்குறுக்கு ஏற்படலாம். சட்டத்தை மட்டும் மாற்றலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். ஆனால் அளவு பொருந்த வேண்டும். இன்டெல் 775 வகையில் கூலரின் துளைகளுக்கு இடையே 72 மி.மீ., 1155 வகையில் 75, 1700 வகையில் 78. மூன்று மில்லிமீட்டர் மாறினாலும் பொருந்தாது. கூலரை மறுபடி மாட்டும்போது பழைய பசையைத் துடைத்து, புதிதாகத் தடவச் சொல்லுங்கள்.

எங்கள் கணினி ஒரு சட்டம் மாற்றியதும் ஓடத் தொடங்கியது. அந்தத் துண்டு இன்றும் என் பென்சில் டப்பாவில் இருக்கிறது. வெப்பக் கடத்தல் பாடத்தில் அதை மாணவர்களிடம் கொடுப்பேன். வேறொரு வேளையிலும் அது எனக்கு உதவுகிறது. ஒரு பிள்ளை திடீரென்று படிப்பில் சரியும்போது, வகுப்பில் வெடித்துக் கத்தும்போது, பள்ளிக்கு வராமல் நிற்கும்போது, நம் கண்ணில் படுவது அந்தக் கடைசிக் கால் பாகம் மட்டுமே. கருத்துப்போன முக்கால் பாகம் எத்தனை நாள் விரிசலோ? தண்டிக்கும் முன் ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்போம்.