தடை எல்லையா, ‘தெரியாது’ என்ற பதிலா?

அவைத் தலைமை பெருமைக்குரிய பொறுப்புதான். கொஞ்சம் கலக்கமும் தருவது. சர்வர்களையும் சட்டப் பிரிவுகளையும் கரைத்துக் குடித்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது தலைமையுரையாளருக்கு நா வறள்வது இயல்பு. அந்த வரிசைக்கு அடிப்படைப் பாடம் தேவையில்லை. இணையக் குற்றம் குறித்து 2001-இல் கையெழுத்துக்கு வந்த புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியாவும் ரஷ்யாவும் சேரவில்லை. இலங்கை 2015-இல் சேர்ந்தது. ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில் ஏற்ற புதிய உடன்படிக்கை 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. இதெல்லாம் அவை அறிந்ததே. அழைப்பிதழில் அச்சான ‘எல்லை கடந்த இணையக் குற்றங்களும் சட்டத்தின் வரம்புகளும்’ என்ற தலைப்பின் பெரும்பகுதியை அமர்வுகள் பார்த்துக்கொள்ளும்.

இவ்வுரை பேச வந்தது ஒரு நிலவறையைப் பற்றி.

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் ட்ராபன்-ட்ரார்பாக். அங்கே ராணுவம் கைவிட்ட, பூமிக்குள் ஐந்து தளம் இறங்கும் நிலவறை ஒன்றை 2013-இல் ஒரு டச்சுக்காரர் வாங்கி, ‘சைபர்பங்கர்’ என்ற பெயரில் சர்வர்களை வாடகைக்கு விட்டார். அதற்கு முன்பு நெதர்லாந்தில் ஒரு பழைய நேட்டோ நிலவறையில் இதே தொழிலை நடத்தியவர் அவர். குழந்தைகள் மீதான பாலியல் படங்கள், பயங்கரவாதம் ஆகிய இரண்டையும் தவிர எதையும் வைத்துக்கொள்ளலாம் என்பது ‘சைபர்பங்கர்’ வெளிப்படையாகவே சொன்ன நிபந்தனை. போதைப்பொருள் விற்ற ‘வால் ஸ்ட்ரீட் மார்க்கெட்’ என்ற இணையச் சந்தை அங்கிருந்துதான் இயங்கியது. போலீஸ் தன் ஆளைத் தோட்டக்காரராக உள்ளே அனுப்பிப் பல ஆண்டு துப்பு துலக்கியது. 2019 செப்டம்பர் 26 அன்று அறுநூற்றுக்கும் மேற்பட்ட போலீஸார் வளைத்தனர். கைதானவர்களில் பலர் அந்நேரம் ஊருக்குள் ஒரு உணவகத்தில் இருந்தார்கள்.

இங்கே அவை ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வர் ஜெர்மனியில், ஆட்கள் ஜெர்மனியில், போலீஸும் நீதிமன்றமும் ஜெர்மனியில். குற்றக்கூடத்தைப் பொறுத்தவரை கடக்க வேண்டிய எல்லைக்கோடே இல்லை. ஆனாலும் ட்ரியர் நீதிமன்றத்தில் 2020 அக்டோபரில் தொடங்கிய வழக்கு 2021 டிசம்பர் வரை இழுத்தது. சுமார் 2,49,000 குற்றச் செயல்களுக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு குற்றத்தைப் பற்றியும் வாடகைக்கு விட்டவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. குற்ற அமைப்பை உருவாக்கி அதில் சேர்ந்து இயங்கினார்கள் என்ற பிரிவில்தான் குற்றம் சாட்டப்பட்ட எட்டுப் பேரும் தண்டிக்கப்பட்டார்கள்; முதன்மைக் குற்றவாளிக்கு ஐந்து ஆண்டு ஒன்பது மாதம். ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அத்தண்டனைகளை உறுதிசெய்தது.

இத்துறைக் கட்டுரைகளில் சைபர்பங்கர் சோதனை வராத கட்டுரை அரிது. தீர்ப்பு வரும் கட்டுரை அதைவிட அரிது. நிலவறையின் இரும்புக் கதவை வர்ணிக்கப் பக்கங்கள் கிடைக்கின்றன. உடந்தைக் குற்றச்சாட்டு விழுந்த இடத்துக்கு ஒரு அடிக்குறிப்புகூடக் கிடைப்பதில்லை. இத்தொழிலின் உயிர்நாடி அந்த இடத்தில்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஐரோப்பிய மின்வணிக நெறிமுறை, உள்ளடக்கம் சட்டவிரோதமானது என்று உண்மையில் அறியாத ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் பாதுகாப்பு தந்தது. எல்லாவற்றையும் கண்காணிக்கும் பொதுக் கடமை இல்லை என்றும் சொன்னது. 2022-இன் டிஜிட்டல் சேவைச் சட்டமும் அதே தடத்தில் போகிறது. நேர்மையான நிறுவனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு அவசியம், மறுப்பதற்கில்லை. ஆனால் புகார் கடிதங்களைக் குப்பையில் போடுவதற்கென்றே கூடுதல் வாடகை வாங்கும் ‘புல்லட்ப்ரூஃப் ஹோஸ்டிங்’காரருக்கும் அதே குடைதான் கிடைக்கிறது. வாடகைதாரர் யாரென்று கேட்காதவருக்குச் சட்டம் பரிசு தருகிறது.

எல்லைதான் தடை என்று வாதிடும் நண்பர்கள் பெரும்பாலும் சட்ட அறிஞர் ஜாக் கோல்ட்ஸ்மித்திடமிருந்து தொடங்குவார்கள். எல்லை தாண்டிய தொலைத் தேடல் சட்ட உலகுக்குப் புதிதல்ல என்று 2001-இல் அவர் எழுதிய கட்டுரை கூர்மையானது. அதன் மீது இவ்வுரையாளருக்கு மரியாதை உண்டு. அதை மேற்கோள் காட்டுவோர் கோர்ஷ்கோவ் வழக்கின் முதல் பாதியோடு நின்றுவிடுவதுதான் சிக்கல். 2000 நவம்பரில் எஃப்.பி.ஐ. சியாட்டிலில் ஒரு போலி நிறுவனம் நடத்தி, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரிலிருந்து கோர்ஷ்கோவ் உட்பட இரண்டு ஹேக்கர்களை வேலைக்கான நேர்காணல் என்று வரவழைத்தது. அவர்கள் தட்டிய கடவுச்சொல்லைப் பிடித்து, ரஷ்யாவிலிருந்த சர்வரின் தரவுகளை இறக்கியது. அமெரிக்க நீதிமன்றம் அதை ஏற்றது. இரண்டாம் பாதி 2002-இல் நடந்தது: அனுமதியின்றி நுழைந்ததாக அந்த எஃப்.பி.ஐ. அதிகாரி மீதே ரஷ்ய உளவுத்துறை வழக்குப் பதிந்தது. அடுத்த நாட்டின் மண்ணில் அதன் அனுமதியின்றி ஒரு நாடு தன் அதிகாரத்தைச் செலுத்தக் கூடாது என்று 1927-இலேயே சர்வதேச நீதிமன்றத்தின் ‘லோட்டஸ்’ வழக்கு சொல்லியிருந்ததை, அதே வழக்கைச் சுதந்திரத்தின் சாசனமாகக் கொண்டாடுவோர் மறந்துவிடுகிறார்கள். பாய்ந்து எடுக்கும் உரிமையை ஒரு நாட்டுக்குக் கொடுத்தால் எல்லா நாட்டுக்கும் கொடுத்ததாகும். மாஸ்கோவும் அதே கட்டுரையை மேற்கோள் காட்டலாம்.

எல்லை பொருட்டே இல்லை என்பது வாதமல்ல. கோஸி வைரஸ் கும்பலுக்குச் சர்வர் கொடுத்த ருமேனியர் 2012-இல் சொந்த நாட்டில் கைதானபோது அமெரிக்காவுக்கு ஒப்படைக்கப்படவில்லை. 2021-இல் பொகோட்டா விமான நிலையத்தில் சிக்கினார். 2023-இல் நியூயார்க்கில் மூன்று ஆண்டு தண்டனை. எல்லை அவரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டு காத்தது. ஆனால் எந்த நீதிமன்ற ஆணையும் இல்லாமல் விழுந்தவர்களும் உண்டு. 2008 நவம்பரில் ஸ்பாம் கும்பல்களுக்குச் சர்வர் தந்த சான் ஹோசேயின் மெக்கோலோ நிறுவனத்துக்கு இணைப்பு கொடுத்த இரண்டு பெரிய நிறுவனங்கள், ஒரு பத்திரிகையாளர் காட்டிய ஆதாரங்களைப் பார்த்து இணைப்பைத் துண்டித்தன. உலகின் ஸ்பாம் மின்னஞ்சல் ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. சில மாதங்களில் அது பழைய அளவுக்கு ஏறிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொருளாதாரத் தடைகளின் கதையும் அப்படித்தான். லாக்பிட் என்ற ரேன்சம்வேர் கும்பலுக்குச் சர்வர் தந்த இசட்சர்வர்ஸ் 2025 பிப்ரவரியிலும், ஏஸா ஜூலையிலும் என இரண்டு ரஷ்ய நிறுவனங்கள் அமெரிக்கத் தடைப் பட்டியலில் ஏறின. ஏஸா தன் இணைய முகவரிகளைப் பிரிட்டனில் பதிவான ஒரு நிறுவனத்துக்கு மாற்றியது. நவம்பரில் அதற்கும் தடை வந்தது. தடை ஒரு பெயரைத்தான் பிடிக்கிறது, பெயர் மாற்றுவதோ மலிவு.

ஆக, இத்தலைமையின் முன்மொழிவு இது. யாருக்கு வாடகைக்கு விடுகிறோம் என்று சரிபார்க்கும் கடமையைச் சர்வர் நிறுவனத்தின் மீதும், திரும்பத் திரும்ப வரும் புகாரைப் புறக்கணிப்பவருக்கு இணைப்பை நிறுத்தும் கடமையை அந்த இணைப்பைத் தரும் மேல்நிலை நிறுவனத்தின் மீதும் உள்நாட்டுச் சட்டமே சுமத்தலாம். இந்தியாவுக்கும் இது பொருந்தும். உச்ச நீதிமன்றத்தின் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு 2015-இல் ‘உண்மையில் அறிதல்’ என்பதை நீதிமன்ற ஆணை அல்லது அரசு அறிவிப்பாகச் சுருக்கியது. பேச்சுரிமைக்கு அது காப்பு. ஆனால் ரேன்சம்வேர் சர்வரின் உரிமையாளரும் அதே காப்பின் பின்னால் நிற்கலாமா என்ற கேள்வி அந்த நீதிமன்றத்தின் முன் அன்று வரவில்லை. வாடகைதாரர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கச் சொன்ன இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு அந்தரங்கத்தின் பெயரால் விமர்சிக்கப்பட்டது. விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் கடமையைச் சரியான இடத்தில் வைத்த உத்தரவு அதுதான்.

சட்ட உதவி ஒப்பந்தங்களின் தாமதம் குறித்து முதல் அமர்வில் நான்கு கட்டுரைகள் வாசிக்கப்பட இருக்கின்றன. நான்கும் எல்லையிலிருந்துதான் தொடங்குகின்றன. வாசிப்பவர்கள் ட்ரியர் தீர்ப்புக்கும் ஒரு பதில் சொல்லட்டும். மறுப்பவர்களுக்காகப் பிற்பகல் விவாத நேரம் அரை மணி நீட்டிக்கப்பட்டிருக்கிறது.