பிறர் கையில் வளர்ந்த பிள்ளை
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கோலாசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்திக்குப் போய் லோத்தோங் குரங்குக்குக் கச்சான் கொடுக்காதவர் நம்மில் குறைவு. (கொடுப்பது அதற்கு நல்லதல்ல, அது இலை தின்னும் பிராணி.) பெரியவை சாம்பல் நிறம். பிறந்த குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். அந்தக் குட்டியைத் தாய் மட்டும் வைத்திருப்பதில்லை; கூட்டத்தின் மற்றப் பெண் குரங்குகளும் வாங்கி அணைத்துக்கொள்ளும். அந்நேரம் தாய் நிம்மதியாக இரை தேடும். இந்தக் குன்றின் லோத்தோங்கைப் பற்றி இர்வின் பெர்ன்ஸ்டீன் 1968-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

தனக்குப் பிறக்காத குட்டியைச் சுமப்பதில் அதற்கு என்ன லாபம்? 1964-இல் ஹாமில்டன் ஒரு கணக்குச் சொன்னார். உதவி பெறுபவருக்குக் கிடைக்கும் நன்மையை இரத்த உறவின் அளவால் பெருக்குங்கள். அது உதவுபவரின் இழப்பை மிஞ்சினால், அந்தக் குணம் தலைமுறை தாண்டி நிற்கும். உடன்பிறந்தாருக்கு அரைப் பங்கு, அக்காள் பிள்ளைக்குக் கால் பங்கு.

குரங்குக்கு இது சரி. எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகைக்கு?

விடியுமுன் தாய்மார் பிரட்டுக்குப் போகும்போது எங்களைத் தூளியோடு விட்டுச் செல்வார்கள். பார்த்துக்கொண்ட ஆயா எங்களுக்கு உறவல்ல, சாதியும் வேறு. சம்பளம் வாங்கினார், உண்மைதான். ஆனால் பால்வெட்டு முடிந்து அம்மா வரத் தாமதமானால், தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு ஊட்டியதற்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

ராஜஸ்தானின் அபு மலையில் குரங்குகளை ஆராய்ந்த சாரா ஹெர்டி, 2009-இல் வெளிவந்த நூலில் இதற்கு ஒரு பதில் தருகிறார். சிம்பன்சித் தாய் முதல் சில மாதங்கள் குட்டியைப் பிறரிடம் கொடுப்பதே இல்லை. மனிதத் தாயோ பாட்டி, அத்தை, அண்டை வீட்டார் துணையில்லாமல் பிள்ளையை ஆளாக்கியிருக்கவே முடியாது. பலர் கையில் வளரும் பிள்ளை, யார் முகம் கனிகிறது என்று படிக்கக் கற்கிறது. அப்படிக் கற்றதே தப்பியது. பிறர் மனத்தை உணரும் நம் சுபாவம் அங்கிருந்து வந்தது என்பது அவர் வாதம்.

அப்படியானால் லோத்தோங் ஏன் நம்மைப்போல் ஆகவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. லோத்தோங் பிறர் குட்டியைத் தூக்கும், தடவும், சலித்தால் விட்டுவிடும். இரை தேடி வந்து ஊட்டாது.

ஆயா ஊட்டினார்.